சிக்கன விலை டிவியை எதை வைத்து எடைபோடுவது?

டிவி வாங்கக் கடைக்குப் போகும் குடும்பம் பெரும்பாலும் தொகையை முடிவு செய்துகொண்டுதான் போகிறது. பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின்னாக 32 அங்குலம், இருபதாயிரத்தை ஒட்டி 43 அங்குலம் என்று இன்றைய சிக்கன விலைச் சந்தை இரண்டு படிகளாக நிற்கிறது. தொகை முடிவான பிறகு, எந்தப் பெட்டி என்று தீர்மானிக்கும் வேலையை அட்டையில் அச்சிட்ட எண்களிடம் விட்டுவிடுகிறோம். ஃபோர்கே, எச்டிஆர், க்யூஎல்இடி, நூறு கோடி வண்ணம், 2 ஜிபி ராம், 40 வாட் ஒலி. இவற்றில் எவை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவரின் கண்ணுக்கும் காதுக்கும் வந்து சேர்கின்றன? எவை கடையோடு நின்றுவிடுகின்றன?

லட்ச ரூபாய் டிவி வாங்குபவருக்கு இந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை. அந்த விலையில் எல்லாமே ஓரளவு நன்றாக இருக்கும். விலை குறையக் குறையத்தான் தயாரிப்பாளர் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். எதை விட்டுக்கொடுத்தார், அது நம் வீட்டுக்குத் தேவைப்படும் ஒன்றா என்று பார்த்து வாங்கினால் ஏழெட்டு வருடம் நிம்மதி. நாம் மதிப்பிடும் வரிசையே தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து. ரெசல்யூஷனை முதலில் பார்க்கிறோம்; உட்காரும் இடத்தையும் வீட்டுக்குள் வரும் வயரையும் கடைசியில் நினைக்கிறோம், அல்லது நினைப்பதே இல்லை.

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. டயனோரா, சாலிடேர் என்று சென்னையிலேயே உருவான டிவிகள் அன்றைய வீடுகளில் இருந்தன. 1982இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. 2006இல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல வண்ண டிவி, அதுவரை பஞ்சாயத்து டிவியையோ பக்கத்து வீட்டுத் திண்ணையையோ நம்பியிருந்த குடும்பங்களுக்கும் சொந்தத் திரையைக் கொடுத்தது. அவையெல்லாம் பிக்சர் டியூப் டிவிகள். இடத்தை அடைத்தன, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. ஆனாலும் பிக்சர் டியூபுக்கு இரண்டு நல்ல குணங்கள் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதன் நிறம் மாறாது. சுமாரான சிக்னலையும் கண்ணை உறுத்தாமல் காட்டிவிடும். தட்டைத் திரை இந்த இரண்டையும் இழந்துதான் ஒல்லியானது. விலை குறைந்த தட்டைத் திரையில் அந்த இழப்பு அப்பட்டமாகத் தெரியும். மலிவு விலை டிவி பற்றிய ஏமாற்றங்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எத்தனை அடி தூரம்?

32 அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. கடை விளம்பரத்தில் 80 செ.மீ. என்று போட்டிருப்பதும் அதுவே. அகலம் சுமார் 71 செ.மீ., உயரம் 40 செ.மீ. 43 அங்குலத் திரையின் அகலம் 95 செ.மீ., உயரம் 53 செ.மீ. 11 அங்குலம்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் பரப்பில் அது 32ஐவிட ஏறக்குறைய 80 சதவீதம் பெரியது. 55 அங்குலம் நான்கடி அகலச் சுவரைப் பிடித்துக்கொள்ளும்.

இனி புள்ளிக் கணக்கு. எச்டி ரெடி என்று விற்கும் 32 அங்குல டிவியில் குறுக்கே 1366, நெடுக்கே 768 என்று மொத்தம் பத்து லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். ஃபுல் எச்டியில் 1920க்கு 1080, அதாவது சுமார் 20 லட்சம். ஃபோர்கேயில் 3840க்கு 2160, சுமார் 83 லட்சம். காகிதத்தில் எட்டு மடங்கு வித்தியாசம். ஆனால் நல்ல பார்வை உள்ள மனிதக் கண்ணால், ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் அளவுக்குக் கீழே இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், எச்டி ரெடி 32 அங்குலத் திரையின் புள்ளிகள் ஆறடிக்கு அப்பால் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 43 அங்குல ஃபுல் எச்டியில் அந்த எல்லை ஐந்தரை அடி சொச்சம். 43 அங்குல ஃபோர்கேயின் முழு நுணுக்கத்தையும் காண வேண்டுமானால் மூன்றடிக்குள் நாற்காலி போட வேண்டும்.

இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் ஹாலில் சோபாவுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே எட்டடி, மிஞ்சினால் பத்தடி இருக்கும். அந்த எட்டடியில் உட்கார்ந்திருப்பவருக்கு எச்டி ரெடிக்கும் ஃபுல் எச்டிக்கும் 32 அங்குலத்தில் வேறுபாடு தெரியாது. 43 அங்குலத்தில் ஃபுல் எச்டிக்கும் ஃபோர்கேக்கும் புள்ளி அளவில் வேறுபாடு தெரியாது. தெரிவது திரையின் பெருக்கம்தான். ஆகவே கையில் உள்ள பணத்தை அளவுக்குக் கொடுப்பதா, புள்ளிக்குக் கொடுப்பதா என்ற நிலை வந்தால் அளவுக்குக் கொடுப்பதே சரி. இதில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும்: 43 அங்குலத்தில் தயாரிப்பாளர்கள் நல்ல பேனலையும் வேகமான சிப்பையும் ஃபோர்கே மாடல்களுக்கே ஒதுக்குகிறார்கள். அந்தக் காரணத்துக்காக ஃபோர்கே எடுக்கலாம். புள்ளிகளுக்காக வேண்டாம்.

பத்துக்குப் பத்து அறை, கட்டிலில் சாய்ந்து பார்க்கிறார்கள் என்றால் 32 அங்குலம் தாராளம். அதை வாங்குவதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

வீட்டுக்குள் வரும் வயர்

ஹாலின் அளவைவிட முக்கியமான இன்னொரு கணக்கு உண்டு. கடைகளில் அதைச் சொல்வதில்லை. கேபிளில் சாதாரண எஸ்டி சேனலாக வரும் படத்தில் நெடுக்கே 576 வரிகள்தான். அதே கண் கணக்கைப் போட்டால், எஸ்டி சேனல் 32 அங்குலத்தில் எட்டடியிலிருந்து பார்க்கச் சுமுகமாக இருக்கும். 43 அங்குலத்தில் அதற்குப் பத்தரை அடி வேண்டும். 55 அங்குலத்தில் பதின்மூன்று அடிக்கு மேல். எஸ்டி பாக்ஸை வைத்துக்கொண்டு பெரிய திரைக்கு மாறியவர்கள் “பழைய டிவியே தெளிவா இருந்துச்சு” என்று சொல்வது வெறும் ஏக்கம் இல்லை. கண்ணுக்கு அது உண்மையாகவே அப்படித்தான் தெரிகிறது. முகத்தின் ஓரங்கள் மெழுகுபோல் வழுக்குகின்றன, கிரிக்கெட்டில் பந்து புல்லோடு கரைந்துவிடுகிறது. குறை புது டிவியுடையது என்று நினைத்து சர்வீஸுக்குச் சொல்லுகிறார்கள்.

எச்டி பாக்ஸ் வாங்கிய வீட்டிலும் சிலசமயம் இதே கதைதான். செட்டாப் பாக்ஸின் பின்புறத்தைப் பார்த்தால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஏவி வயர் தொங்கும். அந்த மஞ்சள் வயர் எஸ்டிக்கு மேல் எதையும் கடத்தாது. எச்டி சேனலுக்கு மாதாமாதம் பணம் கட்டி, அதை வாசலிலேயே எஸ்டியாக இறக்கிவிட்டு, ஃபோர்கே திரையில் பார்க்கிறோம். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் எச்டிஎம்ஐ வயர் ஒன்று, ஐயாயிரம் ரூபாய் கூடுதல் டிவியைவிட அதிக மாற்றத்தைக் கொண்டுவரும். விலை உயர்ந்த வயர் தேவையில்லை. செட்டாப் பாக்ஸின் அமைப்புக்குள் போய், வெளியீட்டை 1080 என்று ஒருமுறை மாற்றிவைக்கவும் வேண்டும்.

டிவியின் அமைப்பிலும் இன்னொன்றைச் சரிசெய்ய வேண்டும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்தைய படங்கள் எல்லாம் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற சதுரச் சாயல் சட்டத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய டிவியின் சட்டம் பதினாறுக்கு ஒன்பது. பழைய படத்தைப் போட்டால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வர வேண்டும், அதுதான் முறை. “காசு கொடுத்து வாங்கின டிவியில கறுப்பா இடம் வீணாப் போகுது” என்று ரிமோட்டில் இழுத்துவிடுகிறோம். உடனே சிவாஜியின் முகம் மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடுகிறது, பத்மினியின் நாட்டியத்தில் கை வட்டங்கள் முட்டைகளாகின்றன. ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து வைத்த சட்டத்தை நாமே சிதைக்கிறோம். டிவியின் பட அமைப்பில் ‘ஆட்டோ’ அல்லது ‘ஒரிஜினல்’ என்று வைத்தால் போதும். சிலசமயம் சேனல்காரர்களே இழுத்து ஒளிபரப்புகிறார்கள். அதற்கு நம் கையில் மருந்தில்லை.

இணையம் வழியாகப் பார்ப்பவர்களுக்கும் கணக்கு உண்டு. ஃபோர்கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் சீராக வர வேண்டும் என்று நெட்ஃப்ளிக்ஸ் சொல்கிறது. ஃபுல் எச்டிக்கு 5 போதும். அந்த நிறுவனத்தின் அடிப்படைச் சந்தாவில் வருவது 720 வரிப் படம். ஃபோர்கே வருவது உச்சவிலைச் சந்தாவில் மட்டும். மொபைல் சந்தா டிவியில் ஓடவே ஓடாது. கையில் உள்ள சந்தா எதுவென்று பார்த்துவிட்டு ஃபோர்கேக்குப் பணம் கொடுக்கலாம்.

பாயில் உட்காருபவர்களின் திரை

மேல்நாட்டு விமர்சகர்கள் டிவியைச் சோதிக்கும் முறையைக் கவனித்தால் ஒன்று புரியும். அறையை இருட்டாக்குகிறார்கள். திரைக்கு நேர் எதிரே ஒரு சோபா. கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது என்பதற்கு அதிக மதிப்பெண். அவர்கள் வீட்டுக்கு அது பொருந்தும். நம் ஹாலில் டியூப்லைட் எரிந்துகொண்டிருக்கும், வாசல் கதவு திறந்திருக்கும், பால்கனி வெளிச்சம் திரையில் விழும். அப்பா சோபாவில், பிள்ளைகள் தரையில் பாயில், அம்மா சமையலறை வாசலில் நின்றபடி பக்கவாட்டில், பாட்டி மூலையில் ஈஸிசேரில். ஒரே திரையை ஐந்து கோணங்களிலிருந்து பார்க்கும் வீடு இது. டிவியோ சுவரில் ஐந்தடி உயரத்தில் மாட்டப்பட்டிருக்கும்.

இங்கேதான் பேனல் வகை என்ற விஷயம் வருகிறது. எல்இடி டிவி என்று நாம் சொல்வது எல்சிடி திரைதான். பின்னாலிருந்து வெளிச்சம் கொடுப்பவை மட்டுமே எல்இடி விளக்குகள். அந்த எல்சிடியில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு பெரிய குடும்பங்கள். விஏ பேனலில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே மூவாயிரத்துக்கு ஒன்று, அதற்கு மேலும் வேறுபாடு கிடைக்கும். இரவுக் காட்சிகள் ஆழமாக இருக்கும். ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் வெளுக்கும். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாலும் அப்படியே. ஐபிஎஸ் பேனலில் அந்த வேறுபாடு சுமார் ஆயிரத்துக்கு ஒன்றுதான். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஆனால் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் பட்டுப்புடவையின் அரக்கு அரக்காகவே இருக்கும்.

இருட்டறைச் சோதனையில் விஏ ஜெயிக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த ஆழமான கறுப்பின் பயன் பெரிதும் கரைந்துபோகிறது, ஏனென்றால் அறையின் வெளிச்சமே திரையில் பட்டு கறுப்பைச் சாம்பலாக்கிவிடுகிறது. மிஞ்சுவது கோணம். எனவே குடும்பத்தோடு சுற்றி உட்கார்ந்து பார்க்கும் ஹாலுக்கு ஐபிஎஸ் வகையையும், ஒருவரோ இருவரோ விளக்கை அணைத்துவிட்டு நேராகப் படம் பார்க்கும் படுக்கையறைக்கு விஏ வகையையும் நான் பரிந்துரைப்பேன். விலைக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. ஒரே விலையில் இரண்டு வகையும் கிடைக்கின்றன. அட்டைப்பெட்டியில் எழுதியிருக்க மாட்டார்கள். கடையில் திரைக்கு நேரே நின்று ஒரு மனித முகத்தைப் பாருங்கள், பிறகு ஓரமாக நகர்ந்து பாருங்கள், குனிந்து கீழேயிருந்தும் பாருங்கள். முகத்தின் நிறம் வெளுத்தால் அது விஏ.

எந்தப் பேனலானாலும் மாட்டும் உயரத்தைக் குறைப்பது இலவசமாகக் கிடைக்கும் தர உயர்வு. சோபாவில் இருப்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து மூன்றரை அடிக்குள். பாயில் இருப்பவருடையது இரண்டரை அடி. திரையின் நடுப்பகுதி மூன்றரை அடியில் இருந்தால் இருவருக்கும் நியாயம், கழுத்துக்கும் நல்லது. மாட்ட வரும் பையனிடம் துளை போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரைத் தவிர்த்துவிடவும் வேண்டும்.

எச்டிஆர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிரகாசமான இடங்களை உண்மைக்கு நெருக்கமாக ஒளிரவைக்கும் நல்ல தொழில்நுட்பம் அது. அதற்கு அறுநூறு, ஆயிரம் நிட்ஸ் என்று வெளிச்சம் வேண்டும். பகுதி பகுதியாக விளக்கைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் வேண்டும். சிக்கன விலை டிவிகளின் வெளிச்சம் பெரும்பாலும் இருநூறுக்கும் முந்நூறுக்கும் இடையே நின்றுவிடும். அட்டையில் எச்டிஆர் என்று போட்டிருந்தால், அந்த வகைப் படம் வந்தால் டிவி அதை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு மேல் பொருளில்லை. க்யூஎல்இடி சற்று மேல்: விளக்குக்கும் திரைக்கும் நடுவே குவாண்டம் டாட் படலம் வைப்பதால் சிவப்பும் பச்சையும் செழிப்பாக வரும். அதே விலையில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், அதற்காகத் தனியே பெரிய தொகை கொடுக்க வேண்டாம். நொடிக்கு 120 முறை படம் மாறும் 120 ஹெர்ட்ஸ் திரை, வீடியோ கேம் ஆடும் வீட்டுக்கு மட்டும்.

ஒலிதான் மெலிந்த டிவியின் உண்மையான பலவீனம். ஸ்பீக்கருக்குக் காற்றை அசைக்க இடம் வேண்டும். விரல் தடிமன் பெட்டிக்குள் அந்த இடம் கிடையாது. போதாக்குறைக்கு ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கி அமைந்திருக்கும். மின்விசிறி முழு வேகத்தில் சுற்ற, அடுப்படியில் குக்கர் விசில் அடிக்க, வசனம் காதில் விழாமல் ஒலியைக் கூட்டுகிறோம். பாட்டு வந்ததும் அலறி, மறுபடி குறைக்கிறோம். வயதானவர்களுக்கு இது பெரிய சங்கடம். அட்டையில் எழுதிய வாட் எண்ணை நம்பாமல், கடையில் ஒரு செய்தி சேனலை வைத்து, பத்தடி தள்ளி நின்று, வாசிப்பவரின் சொல் தெளிவாகப் புரிகிறதா என்று கேட்க வேண்டும். பிறகு ஒரு சவுண்ட்பார் சேர்க்கும் எண்ணம் இருந்தால், டிவியின் எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றில் ‘ஏஆர்சி’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 55 அங்குலத்துக்குத் தாவ நினைக்கும் பணத்தில் 43 அங்குலமும் ஒரு நல்ல சவுண்ட்பாரும் வாங்கிவிடலாம். எனக்கு அந்தக் கூட்டணியே மேல்.

ஸ்மார்ட் என்ற பகுதிதான் டிவியில் முதலில் கிழடு தட்டுவது. பேனல் எட்டு வருடம் ஓடும். 1 ஜிபி ராமும் 8 ஜிபி சேமிப்பும் கொண்ட சிப் மூன்றாம் வருடமே திணறும், ஆப்கள் புதுப்பித்தல் கேட்டு நிற்கும். அதற்காக டிவியை மாற்ற வேண்டியதில்லை, எச்டிஎம்ஐயில் செருகும் ஸ்டிக் ஒன்று புது உயிர் கொடுக்கும். எனவே ஸ்மார்ட் வசதிக்காகப் பேனலிலும் ஒலியிலும் சமரசம் செய்துகொள்வது நஷ்டம். ஒன்றை மட்டும் விடக்கூடாது: கூகுள் டிவி, வெப்ஓஎஸ், டைசன், ஃபயர் டிவி என்று முறையான உரிமத்தோடு வரும் அமைப்பாக இருக்க வேண்டும். உரிமமில்லாத ஆண்ட்ராய்டைப் போட்டு விற்கும் பெயரில்லா டிவிகளில் சில ஓடிடி ஆப்கள் வரவே வராது, வந்தாலும் மங்கலான தரத்தில் நின்றுவிடும். டிவி நம்மைக் கவனிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் விஜியோ நிறுவனம் சுமார் 1.1 கோடி டிவிகளில் யார் என்ன பார்க்கிறார்கள் என்ற தகவலை ஒப்புதலின்றிச் சேகரித்ததற்காக 2017இல் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. முதல்முறை ஆன் செய்யும்போது வரும் ஒப்புதல் பக்கங்களில் பார்வைத் தகவல், விளம்பரம் தொடர்பானவற்றை மறுத்துவிடலாம். டிவி வழக்கம்போல் ஓடும்.

பாட்டிக்காக இதைவிடப் பெரிய காரியம் ஒன்று பாக்கி. புது டிவியை ஆன் செய்தால் ஓடிடி முகப்பு வந்து நிற்கும், சேனல் வராது. கையில் இரண்டு ரிமோட். டிவி ரிமோட்டில் எண் பொத்தான்களே இல்லை. பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை சீரியல் இல்லை என்று உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எத்தனையோ வீட்டில் இருக்கிறார்கள். பல டிவிகளின் அமைப்பில் ‘ஆன் செய்ததும் எச்டிஎம்ஐ 1’ என்று வைக்கும் வசதி உண்டு. கடையிலேயே அது இருக்கிறதா என்று கேட்டு, வீட்டில் முதல் நாளே வைத்துக் கொடுங்கள். பகலெல்லாம் டிவியோடு இருப்பவர் அவர்தான். அவரால் தனியாக இயக்க முடியாத டிவி அந்த வீட்டுக்கு நல்ல டிவி ஆகாது.

பெயர்ப்பலகைக்குப் பின்னால்

டிவியின் தயாரிப்புச் செலவில் பாதிக்கு மேல் பேனலுக்கே போகிறது. உலகில் டிவிக்கான எல்சிடி பேனல்களில் பெரும்பங்கை பிஓஇ, சிஎஸ்ஓடி, எச்கேசி போன்ற சீன நிறுவனங்கள் தருகின்றன. சாம்சங் தன் எல்சிடி பேனல் உற்பத்தியை 2022இல் நிறுத்திக்கொண்டது. இந்தியாவில் நடப்பது பெரும்பாலும் இறக்குமதியான பேனலைச் சட்டத்தில் பொருத்தி டிவியாக்கும் வேலை. ஆகவே நாலாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் நிற்கும் இரண்டு பிராண்டுகளுக்குள் ஒரே தொழிற்சாலையின் பேனல் இருக்க வாய்ப்புண்டு. மாறாக, ஒரே மாடல் எண்ணுக்குள் வெவ்வேறு மாதம் வெவ்வேறு பேனலும் வரும். யூடியூபில் பார்த்த விமர்சனம் உங்கள் வீட்டுக்கு வரும் டிவிக்குப் பொருந்தும் என்ற உறுதி கிடையாது. கோடாக், தாம்சன் போன்ற பழம்பெயர்கள் உரிமம் பெற்ற இந்திய நிறுவனம் தயாரிக்கும் டிவிகளில் ஒட்டப்படுபவை. அதில் தவறில்லை, டிவியும் மோசமில்லை. பழைய பெயரின் புகழுக்கென்று கூடுதல் விலை மட்டும் கொடுக்கத் தேவையில்லை.

வரியில் நடந்த மாற்றம் அளவு பற்றிய கணக்கைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. 32 அங்குலம் வரையிலான டிவிகளுக்கு 2019 ஜனவரியிலிருந்து ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 28 ஆகவே இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரியவற்றுக்கும் 18 ஆகிவிட்டது. நடுத்தரக் குடும்பம் 43 அங்குலத்தை நினைத்துப் பார்க்க இது நல்ல காரணம். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 90 வாட் இழுக்கும் 43 அங்குல டிவி தினம் ஐந்து மணிநேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட். 50 வாட் 32 அங்குலம் 15 யூனிட். வீட்டு இணைப்புக்கு ஓர் எல்லை வரை யூனிட் இலவசம் என்ற தமிழக நடைமுறையில், அந்த எல்லையை ஒட்டி வாழும் குடும்பம் மட்டும் இந்தப் பன்னிரண்டு யூனிட்டை யோசிக்கலாம்.

பழுதானால் கிடைக்கும் சர்வீஸ்தான் பிராண்டுக்குப் பணம் கொடுப்பதற்கான ஒரே வலுவான நியாயம். சென்னை, கோவை, மதுரையில் எல்லா நிறுவனத்துக்கும் சர்வீஸ் ஆள் இருப்பார். ஊர் பெரம்பலூரா, பரமக்குடியா என்றால், வாங்குவதற்கு முன்பே சர்வீஸ் எண்ணுக்கு அடித்து, அந்த ஊருக்கு ஆள் வருவாரா, எத்தனை நாளில் வருவார் என்று கேட்டுவிடுவது நல்லது. பேனல் போனால் புது டிவி விலையில் பாதிக்கு மேல் கேட்பார்கள். எனவே கூடுதல் வாரன்டி வாங்குவதானால் அது பேனலையும் சேர்க்கிறதா என்பதே முதல் கேள்வி. ஒலி மட்டும் வந்து படம் இருண்டுவிட்டால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது பேக்லைட் ஸ்ட்ரிப். சென்னை ரிச்சி தெருவிலும் நம்மூர் நல்ல மெக்கானிக்கிடமும் பேனல் விலையில் சிறு பங்கில் அதை மாற்றிவிடலாம். அந்த ஸ்ட்ரிப் எரிந்துபோவதற்குப் பெருங்காரணம், பேக்லைட்டை நூறிலேயே வைத்து வருடக்கணக்கில் ஓட்டுவது. அறுபதுக்கு இறக்கினால் கண்ணும் பிழைக்கும், விளக்கும் பிழைக்கும்.

திரையில் செங்குத்துக் கோடுகள் விழுவதற்கு நம் கையாலேயே வழி செய்கிறோம். பேனலின் கீழ் விளிம்பில், சட்டத்துக்குள், மெல்லிய நாடா வயர்கள் திரையோடு ஒட்டப்பட்டிருக்கும். பண்டிகைக்கு வீடு துடைக்கும்போது கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரையில் நேரே அடித்தால், அது வழிந்து அந்த விளிம்பில்தான் போய்த் தேங்கும். உலர்ந்த மென்துணி போதும். கறை இருந்தால் துணியைத் துளி ஈரமாக்கிக்கொள்ளலாம். இடிமழைக்கு மின் பிளக்கோடு கேபிள் வயரையும் கழற்றி வையுங்கள். அந்த வழியாகவும் மின்னல் வரும்.

கடையில் பத்து நிமிடம்

“ஃபோர்கே எடுத்துக்கோங்கக்கா, ஆயிரத்து ஐந்நூறுதான் வித்தியாசம், இஎம்ஐ போட்டா தெரியவே தெரியாது” என்று கடைத் தம்பி சொல்வார். அவர் வேலை அது. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: “தம்பி, டெமோவை நிறுத்திட்டு கேபிள் சேனல் போடுங்க.” கடையில் ஓடும் மயில், எரிமலை, ஆழ்கடல் படங்கள் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். செய்தி சேனலும் பழைய பாட்டும் ஓடினால்தான் டிவியின் சுயரூபம் தெரியும். படத்தின் நிலை ‘விவிட்’ என்று இருக்கும். ‘ஸ்டாண்டர்டு’ அல்லது ‘சினிமா’வுக்கு மாற்றச் சொல்லுங்கள். முகங்களின் நிறம் மனிதத் தோலாக இருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றை பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டால் திரையின் அழுக்குத் திட்டுகளும் மூலை இருட்டும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ரிமோட்டை வாங்கி நீங்களே அழுத்திப் பாருங்கள். கடையிலேயே தாமதிக்கும் டிவி வீட்டில் சுறுசுறுப்பாகாது. எச்டிஎம்ஐ துளை குறைந்தது மூன்று இருக்கட்டும்: செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார், பின்னாளில் ஒரு ஸ்டிக். டிவி அலமாரியில் நிறுத்துவதானால் கால்களின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள், 43 அங்குலத்தின் கால்கள் பல அலமாரிகளைத் தாண்டி வெளியே நிற்கும்.

எட்டடி ஹாலும் எச்டி இணைப்பும் உள்ள குடும்பத்துக்கு, பக்கத்திலிருந்து பார்த்தாலும் வெளுக்காத 43 அங்குலம் என்பதே இன்றைய நிலையில் என் முடிவு. எஸ்டி பாக்ஸை மாற்றும் எண்ணம் இல்லாத வீட்டுக்கு 32 அங்குலம். மிச்சப் பணத்தை வங்கியிலேயே வைத்திருக்கலாம். இருபத்தைந்தாயிரத்துக்கு 55 அங்குலம் என்று வரும் பெயரில்லா டிவியை எந்த வீட்டுக்கும் நான் சொல்ல மாட்டேன்.

ஆன்லைனில் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும், பெட்டியைப் பிரிப்பதை முதல் நாடாவிலிருந்து செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்; திரை உடைந்து வந்தால் அந்த ஒன்றுதான் சாட்சி. பில்லில் டிவியின் சீரியல் எண் ஏறியிருக்க வேண்டும், பின்புறத்தில் பிஐஎஸ் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வாரன்டி காலத்தில் சர்வீஸ்காரர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். தமிழிலேயே புகாரைப் பதிவு செய்துகொள்கிறார்கள்.